களிமண் காலியிடத்தில் நாய்க்குச் செயற்கைப் புல்: முதலில் தண்ணீருக்கு வழி

வடசென்னையில் மூலக்கடையைத் தாண்டி மாதவரம் பக்கம் உங்கள் வீடு. பின்னால் 20க்கு 15 அடி காலியிடம். ஒரு லாப்ரடார், ஒரு நாட்டு நாய். மழை வந்தால் இரண்டும் வயிறு வரை சேற்றோடு வீட்டுக்குள் வருகின்றன. கடைக்காரர், "மண்ணைத் தட்டிச் சமன்செய்து மேலேயே செயற்கைப் புல்லை விரித்துவிடலாம், ஒரே நாள் வேலை" என்கிறார். செய்யலாமா, நாற்றம் அடிக்குமா, தீபாவளிக்குள் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொல்கிற மாதிரி செய்ய வேண்டாம். மணல் தரை என்றால்கூடப் பரவாயில்லை, சமாளிக்கலாம். களிமண்ணில் அந்த ஒரு நாள் வேலை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

வடசென்னை என்றாலே கடற்கரை மணல் என்று வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. ராயபுரம், திருவொற்றியூர் போல கடலை ஒட்டிய பக்கத்துக்கு அது சரி. மேற்கே வர வர கொளத்தூர், மாதவரம், கொடுங்கையூர், புழல் எல்லாம் ஏரியும் ஏரி ஓரத்து வயலுமாக இருந்த நிலம். ரெட்டேரி, மாதவரம் ஏரி என்று இன்றைக்கு நாம் பார்ப்பது அதில் மிச்சம் இருப்பதுதான். அடியில் களி. மேலே ஓரடி இரண்டடிக்கு, மனை போட்டவர் கொட்டிய சவுடு மண்ணோ கட்டட இடிபாடோ இருக்கும். அதைப் பார்த்து "எங்கள் இடம் நல்ல கெட்டி மண்" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அதனால் எதையும் வாங்கும் முன் கடப்பாரையை எடுங்கள்.

ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு குழி. நிறையத் தண்ணீர் ஊற்றி முழுதும் இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டாவது முறை ஊற்றியதுதான் கணக்கு; முதல் தண்ணீரைக் காய்ந்த மண் ஆசையாகக் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால், உங்கள் தரை கீழ்நோக்கித் தண்ணீரை வாங்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணை விரலிடுக்கில் வைத்து நீவினால் நாடாவாக நீண்டு வருகிறதா, மே மாதத்தில் தரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களி அது.

இப்போது கணக்கு. 300 சதுர அடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 2,800 லிட்டர் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் நமக்குப் புதிதல்ல. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் மூன்றை அந்த இடத்தில் கவிழ்த்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கீழே போகாது. பக்கவாட்டில்தான் போயாக வேண்டும். நாய் மூத்திரத்துக்கும் இதே விதிதான், அதன் அளவுதான் சிறிது. களிமண் தரையில் செயற்கைப் புல் என்பதே தண்ணீரைப் பக்கவாட்டில் நடத்திக் கூட்டிப்போகிற வேலை. புல் அதற்கு மேல் விரிக்கிற துணி, அவ்வளவே.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்கிற வேலை, ஓரடி தோண்டி ஜல்லி கொட்டுவது. இணையத்தில் பார்க்கிற வெளிநாட்டுக் காணொளிகளிலும் முதலில் தோண்டத்தான் சொல்வார்கள். களிமண்ணில் வடிகால் இல்லாமல் தோண்டினால் நீங்கள் கட்டுவது ஒரு தொட்டி. ஜல்லிக்கு நடுவே தண்ணீர் போய் உட்காரும், வெளியேற வழி இருக்காது. கார்த்திகை மாதத்தில் நிலத்தடி நீரும் மேலே ஏறி வரும்போது அந்தத் தொட்டி அடியிலிருந்தும் நிரம்பும். கொளத்தூரில் இரண்டு மழைக்காலம் கண்ட ஒரு புல்லை ஓரத்து ஆணிகளைப் பிடுங்கிச் சுருட்டிப் பார்த்தோம். மேலே பச்சை வாங்கிய நாளைப் போலவே இருந்தது. அடிப்பக்கம் வழவழவென்று கறுப்புப் பிசின் படிந்து, வடிதுளைகளில் பாதி களிமண்ணால் அடைபட்டிருந்தன. நாலு அங்குலம் ஜல்லி போட்டதாகச் சொன்னார்கள். கையால் கிளறினால் ஜல்லி இருந்தது, ஆனால் சேற்றில் பிசைந்து வைத்த ஜல்லி. கீழேயிருந்து களி ஏறி இடைவெளி முழுவதையும் அடைத்திருந்தது. குனிந்தபோது அமோனியா நெடியில் கண் எரிந்தது. புல்லின் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதனால் என் யோசனை, தோண்டாதீர்கள், உயர்த்துங்கள். மேலே இருக்கிற குப்பை மண்ணை இரண்டு மூன்று அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் களிமண் பரப்புக்கே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கொடுங்கள். இதுதான் முழு வேலையின் உயிர்நாடி. மேலே போடும் ஜல்லியில் மட்டும் வாட்டம் கொடுத்துப் பயனில்லை. புல்லும் ஜல்லியும் தண்ணீரைத் தடுக்காது, தண்ணீர் நேரே களிமண் மீது போய் விழும், அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். அடியில் ஒரு பள்ளம் இருந்தால் அதில்தான் தேங்கும், மேலே நீங்கள் எவ்வளவு அழகாகச் சமன் செய்திருந்தாலும் சரி. அடிக்கு இரண்டு நூல் வாட்டம் கேளுங்கள் (எட்டு நூல் ஓர் அங்குலம்). வீட்டுச் சுவரிலிருந்து மதில் வரை 15 அடி என்றால் மொத்தம் முப்பது நூல், ஏறக்குறைய மூன்றே முக்கால் அங்குலம் இறக்கம். "அவ்வளவு எதற்கு சார், ஒரு நூல் போதும்" என்பார் மேஸ்திரி. சிமென்ட் தளத்துக்குப் போதும். உப்பிச் சுருங்குகிற மண்ணில் அந்த ஒரு நூல் அடுத்த வருடம் இருக்காது. டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய டியூபில் மட்டம் பார்ப்பது) பிடித்துக் கயிறு கட்டச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

களிமண்ணில் இரண்டு லோடு மணல் கலந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பாதிக்குப் பாதிக்கு மேல் மணல் சேர்த்தால் ஒழிய களியின் குணம் மாறாது. கொஞ்சமாகக் கலந்தால் காய்ந்ததும் முன்பைவிடக் கடினமாக இறுகிவிடும்.

வாட்டத்தின் தாழ்ந்த முனையில், மதிலை ஒட்டி அல்ல, ஒன்றரை இரண்டடி தள்ளி, ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால். மதிலின் கடைக்கால் ஓரமாகவே களிமண்ணை நனைத்துக் காயவிட்டால் மதில் வெடிக்கும், அதற்குத்தான் தள்ளி. வாய்க்காலுக்குள் ஜியோடெக்ஸ்டைல் துணியை (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற துணி) விரித்து, துளையிட்ட நாலு அங்குல பி.வி.சி. குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, சுற்றிலும் முக்கால் ஜல்லி (முக்கால் அங்குல அளவு) நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுங்கள். குழாய்க்கும் வாட்டம் வேண்டும். 20 அடி நீளத்துக்கு இரண்டரை அங்குலம் போதும். மேல்முனையில் குழாயை எல்போ போட்டுத் தரை மட்டத்துக்குத் தூக்கி மூடி வையுங்கள். பின்னாளில் அடைத்துக்கொண்டால் ஹோஸ் விட்டுக் கழுவலாம்.

சரி, தண்ணீரைக் குழாய்க்குக் கொண்டு வந்தாயிற்று. அங்கிருந்து எங்கே? வடசென்னையில் இது பெரிய கேள்வி. பல தெருக்களில் சாலையை மேலே மேலே போட்டு, வீடு பள்ளத்தில் போய்விட்டது. உங்கள் குழாயின் வாய் தெரு வடிகாலைவிட உயரத்தில் இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே மட்டம் பிடித்துப் பாருங்கள். உயரத்தில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூலையில் ஒரு சின்ன சம்ப் கட்டி, மிதவை சுவிட்ச் வைத்த மோட்டாரால் இறைக்க வேண்டியதுதான். உறிஞ்சுகுழி தோண்டலாமே என்பார்கள். களிமண்ணில், அதுவும் நவம்பரில், உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஒரு சேகரிப்புக் குழி இருக்கும், பல வீடுகளில் அது போர்வெல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மேஸ்திரி சுலபமான வழி என்று புல்லின் வடிகாலை அதில் இணைக்கப் பார்ப்பார். விடாதீர்கள். மொட்டைமாடித் தண்ணீர் வேறு, இரண்டு நாய்களின் மூத்திரம் கழுவிய தண்ணீர் வேறு. நீங்கள் குளிக்கிற, சில வீடுகளில் குடிக்கிற தண்ணீரில் அது போய்ச் சேரும். பாதாளச் சாக்கடைச் சேம்பரில் மழைத் தண்ணீரை விடுவதும் கூடாது. பெருமழையில் அது எதிர்த்துக்கொண்டு உங்கள் கழிவறைக்கே திரும்பி வரும். நான் விரும்புவது, குழாய் முனையில் நாலடி அளவில் ஒரு பாத்தி, அதில் வாழையும் கல்வாழையும். அன்றாடம் கழுவும் தண்ணீரை அவை குடித்துக்கொள்ளும். மழையில் மிஞ்சுவது மட்டும் வழிந்து தெரு வடிகாலுக்குப் போகட்டும்.

அடித்தளத்துக்கு வருவோம். வாட்டம் கொடுத்த களிமண் மீது ஜியோடெக்ஸ்டைல் துணி, நெய்யாத வகை, வெள்ளையாகக் கம்பளி மாதிரி இருக்குமே அது. தார்ப்பாயோ பாலித்தீன் தாளோ அல்ல. களி மேலே ஏறாமல் தடுப்பதும், தண்ணீரை விடுவதும் இரண்டும் நடக்க வேண்டும். அதற்கு மேல் நாலு அங்குலம் முக்கால் ஜல்லி. 300 சதுர அடிக்கு நாலு அங்குலம் என்றால் சரியாக 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். வாய்க்காலுக்கு 20 கன அடி தனி. அமுங்குவதையும் சேர்த்து ஒன்றரை யூனிட் சொல்லிவிடுங்கள். அதன் மேல் ஒரு அங்குலம் உயரத்துக்குக் கால் அங்குலப் பொடி ஜல்லி, சிப்ஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். திமிசு (கையால் இடிக்கும் கட்டை) போட்டோ பிளேட் காம்பாக்டர் இயந்திரம் வைத்தோ இறுக்குங்கள்.

கவனிக்க, நான் எம் சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) சொல்லவில்லை, கிரஷர் தூசும் (கல் உடைக்கும்போது வரும் பொடி) சொல்லவில்லை. சாதாரணப் புல்தரைக்கு மேல் அடுக்கில் தூசு போடுவது வழக்கம்தான், நன்றாக இறுகும், மட்டமாக வரும். நாய் இருக்கிற இடத்தில் அந்த இறுக்கமே வில்லங்கம். தூசு மூத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் விடாது. அதே காரணத்துக்காகப் புல்லுக்கு நேர் அடியில் இன்னொரு துணியும் விரிக்க வேண்டாம். களை வராமல் இருக்க என்று சிலர் போடுவார்கள். முடியும் அழுக்கும் அதில் படிந்து அடைத்துக்கொள்ளும். துணியின் இடம் களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில்.

சுற்றிலும் நாலு அங்குல சாலிட் பிளாக் வரிசை கட்டி, தாழ்ந்த பக்கம் மட்டும் இடைவெளி விடுங்கள். மரச்சட்டம் போட்டால் கரையானுக்கு விருந்து. மதில் ஓரமாக, ஜல்லிக்கு அடியில், ஒரு பட்டையாக வெல்ட் மெஷ் கம்பி வலை போட்டுவிடுங்கள், கண்ணி அரை அங்குலம். எதற்கு என்று கேட்க மாட்டீர்கள், பெருச்சாளியைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை அடித்தளத்துக்குள் வளை போட்டுவிட்டால் நாட்டு நாய் அதை விடாது, இரண்டும் சேர்ந்து உங்கள் புல்லைக் கிழித்துவிடும். எலிக்காய்ச்சல் கிருமி ஈரமான, தண்ணீர் தேங்கிய மண்ணில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் இந்த எலிக்காய்ச்சலுக்கான லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்க் மூடி, சம்ப் மூடி, சேம்பர் மூடி எதன் மீதும் புல்லை ஒட்டாதீர்கள். அதைச் சுற்றி வெட்டி, அந்தத் துண்டைத் தனியாகத் தூக்கும்படி வையுங்கள். உயர்த்திய தரை வீட்டுத் தளத்திலிருந்து குறைந்தது அரை அடியாவது கீழே நிற்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் சுவரில் ஓதம் ஏறும்.

இப்போதுதான் புல். கடையில் அடர்த்தியாக, கால் புதைகிற 50 மில்லிமீட்டர் புல்லைக் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாய்க்கு 25 முதல் 30 போதும். குட்டையானது சீக்கிரம் காயும், மலத்தை எடுப்பதும் எளிது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் விரிக்கிற மலிவு ரகத்தில் வடிதுளையே இருக்காது. மாதிரித் துண்டைத் தூக்கிப் பிடித்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் ஐந்தே நொடியில் உண்மை தெரிந்துவிடும். லாப்ரடார் கடித்து மெல்லுகிற ரகம் என்றால் ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை கையோடு வந்தால் அது நாளைக்கு நாயின் குடலில் இருக்கும். நிறத்தில் ஈயம் இல்லை என்பதற்குச் சோதனைச் சான்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புல் பெரும்பாலும் இரண்டு மீட்டர் அகலச் சுருளில் வரும். அதனால் உங்கள் இடத்தில் இணைப்பு வந்தே தீரும். நாய்கள் எப்போதும் ஓடும் தடத்திலும் கேட்டுக்கு எதிரிலும் இணைப்பு வராதபடி சுருளைத் திருப்பிப் போடுங்கள். இழை எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஓரத்தைப் பசை போட்டு ஒட்டுவதைவிட, துருப்பிடிக்காத ஆணியால் அடிப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது உங்களுக்கே தெரியும். எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்தே வந்தது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் எந்த வடிகாலும் நிற்காது. ஆணி அடித்த புல்லைப் பிடுங்கிச் சுருட்டி மொட்டைமாடிக்கு ஏற்றிவிடலாம்.

இழைகளுக்கு நடுவே தூவும் நிரப்பிக்கு ரப்பர் துகள் வேண்டவே வேண்டாம். கறுப்பு, சூடு, நாய் தின்னும். சியோலைட் கிடைத்தால் அதைப் போடுங்கள். மூத்திரத்தின் அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும் குணம் அந்தக் கனிமத்துக்கு உண்டு. கடற்கரை மணல் பக்கத்தில்தானே கிடைக்கிறது என்று யோசிக்காதீர்கள். அள்ளுவதும் தவறு, அதன் உப்பு எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நாற்றம் அடிக்குமா என்றால், மேலே சொன்ன வடிகால் இருந்தால் பெரும்பாலும் அடிக்காது. தினமும் மலத்தை எடுத்துவிட்டு, இரண்டும் வழக்கமாகக் காலைத் தூக்கும் மூலையில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் கலந்த வினிகரோ, நொதி கலந்த கழுவு திரவமோ போதும். பினாயிலை அங்கே கொண்டுபோகாதீர்கள். பாதத்தை நக்குகிற பிராணிக்கு அது விஷம். பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும், அதுவும் வேண்டாம். முருங்கை மரம் மேலே இருந்தால் பூவும் இலையும் கொட்டிக்கொண்டே இருக்கும், பெருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே மக்கித் துளையை அடைக்கும். கம்பளிப்பூச்சி விழுகிற பருவத்தில் நாய்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நேர் வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் புறங்கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் நாய்ப் பாதத்துக்கும் அது சுடும். தண்ணீர் தெளித்தால் தணியும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். பாதி இடத்துக்காவது நிழல் வலை கட்டுங்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் இடத்தில் முழு 300 சதுர அடிக்கும் நான் புல் போட மாட்டேன். 200 சதுர அடிக்குப் புல், மீதியில் மரநிழலில் ஆற்று மணல் போட்ட ஒரு குழி. நாட்டு நாய்க்குத் தோண்டாமல் இருக்க முடியாது, அதற்கென்று ஓர் இடம் கொடுத்துவிட்டால் புல் பிழைக்கும். வயிறு சரியில்லாதபோது மேய ஒரு தொட்டியில் அருகம்புல்லும் வளர்த்துவிடுங்கள், நாய்கள் பிளாஸ்டிக் இழையைப் பிடுங்காது.

செலவைப் பொறுத்தவரை, அடித்தளத்துக்கு ஆவது புல்லுக்கு ஆவதைவிடக் குறையாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். குறைக்க வேண்டுமென்றால் புல்லின் தரத்தில் ஒரு படி இறங்குங்கள், அல்லது பரப்பைக் குறையுங்கள். ஜல்லியிலும் குழாயிலும் கை வைக்காதீர்கள். புல்லை ஐந்தாறு வருடத்தில் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், அடித்தளம் அடுத்த புல்லுக்கும் உதவும்.

அப்புறம் தீபாவளி. முடியாது, முயலவும் வேண்டாம். நனைந்த களிமண்ணில் திமிசு போட்டால் இறுகாது, குழையும். மே மாதத்தில் வெடிப்பு விட்ட நிலையில் செய்தாலும் மழை வந்ததும் அது மூடிக்கொண்டு மேடு பள்ளமாகும். பொங்கல் கழிந்து மாசி வாக்கில், மண் ஈரமும் இல்லாமல் பாளமும் விடாமல் இருக்கும்போது ஆளைக் கூப்பிடுங்கள். இந்த மழைக்குச் சேற்றைத் தடுக்க, பின்வாசலிலிருந்து ஆறடி அகலத்துக்கு மட்டும் இப்போதே ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, மூன்று அங்குலம் முக்கால் ஜல்லி, மேலே பாதம் குத்தாமல் இருக்க இரண்டு அங்குலம் சிப்ஸ் போட்டு, வாசலில் ஒரு பழைய தேங்காய் நார் மிதியடியும் ஒரு துண்டும் வையுங்கள். மாசியில் வேலை தொடங்கும்போது அந்த ஜல்லியை வாரி ஓரமாகக் குவித்துவிட்டு, களிமண்ணுக்கு வாட்டம் கொடுத்த பிறகு அதையே திரும்பப் பரப்பிக்கொள்ளலாம். அந்த அளவுக்கு யூனிட்டில் குறைத்துச் சொன்னால் போதும்.